மூச்சு வாங்கும் இடம்

என் வீட்டுக்காரரைப் பற்றி வந்த கட்டுரைகளை ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். ஒருவர் அவரைப் புயல் என்கிறார். ஒருவர் எரிமலை என்கிறார். இன்னொருவர் கொஞ்சம் நிதானித்து, எரிமலைக்குள் ஒரு புயல் என்கிறார். துண்டு எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டு, குளியலறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிடும் மனிதரை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. அதனால் நான் சொல்கிறேன். எனக்குக் கட்டுரை எழுத வராது, கோபம்தான் வரும். இருப்பதை வைத்துத்தானே சமைக்க வேண்டும்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். "சுருக்னு இருக்கும், அவ்வளவுதான்" என்று காலையிலிருந்து ஊராரிடம் பொய் சொல்வது என் தொழில். அப்படித்தான் அவரையும் பார்த்தேன். ஏதோ காய்ச்சலுக்குப் பரிசோதனை செய்ய வந்திருந்தார். ஊசியைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தார். நரம்பைத் தேடி, குத்தி, குழாயில் ரத்தம் நிரம்பி, பஞ்சை வைத்து அழுத்தும் வரைக்கும் ஒரே வாக்கியம். நடுவில் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

"முடிஞ்சிருச்சு, வாயை மூடிக்கலாம்" என்றேன்.

"இருங்க, இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்றார்.

அந்த வேகத்துக்காகத்தான் அவருக்குத் தந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் ராப் பாடுகிறவர் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். ராப் என்றால் என்ன என்று என் அம்மா கேட்டபோது, "பாட்டுதாம்மா, ராகம் போட நேரமில்லாதவங்க பாடறது" என்று சொல்லிக் கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கினேன்.

அவருடைய முதல் ஆல்பம் நன்றாகவே ஓடியது. பேருந்தில், டீக்கடையில், கல்லூரி வாசலில் எல்லாம் அவர் குரல் கேட்கும். அவர் மாதிரி பாட முயன்று நாக்கைக் கடித்துக்கொண்ட பையன்கள் ஏராளம். இரண்டாவது ஆல்பம் விழுந்தது. விழுந்ததில் அவருக்கு வருத்தமில்லை. ஊரே திட்டினாலும் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிற ஆள் அவர். ஆனால் ஒரு விமர்சகர் ஒரு வரி எழுதினார். அந்தக் காலத்தில் அந்த மனிதர் எழுதினால் எழுதியதுதான், மேல்முறையீடு கிடையாது. "இவரிடம் வேகம் இருக்கிறது, சொல்வதற்கு ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் அந்த வரியை ஒரு தடவை சத்தமாகப் படித்தார். பிறகு, "சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார். அதற்குப் பிறகு பாடுவதை விட்டுவிட்டார்.

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். இடி வாங்கி வந்த கதவைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு ஒரு மூடிய அறைக்குள் வண்டியை நிறுத்தி ஸ்பிரே துப்பாக்கியால் வண்ணம் அடிப்பார்கள். அந்த அறையில் காற்றை வெளியே இழுக்க ஒரு பெரிய விசிறி உண்டு. அது பெரும்பாலும் பழுது. முகமூடி போட்டால் வியர்க்கிறது என்று கைக்குட்டையைக் கட்டிக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் தின்னர் வாடை அவருக்கு முன்னால் உள்ளே நுழையும். அவர் காது மடலைப் பார்த்தே அன்றைக்கு என்ன நிற வண்டி என்று நானும் மகளும் பந்தயம் கட்டுவோம். மகளுக்கு அப்பா என்றால் அந்தக் காதும், சாயம் ஏறிய நகங்களும்தான். அவர் பாடியதை அவள் கேட்டதே இல்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

அப்படியே பல வருடங்கள் போயின. மகள் படித்து முடித்துச் செருப்புக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கப் போனாள். அவருக்கு இருமல் வந்தது, போகவில்லை. பட்டறை மாடிப்படியில் பாதியில் நின்று, யாருக்காகவோ காத்திருக்கிறவர் மாதிரி பாவனை செய்ய ஆரம்பித்தார். நானே இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தேன்.

"நுரையீரல்ல தழும்பு ஏறியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஏறின இடம் இனி திரும்பாது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். பளு தூக்காதீங்க. படி ஏறாதீங்க. பேச்சைக் குறைச்சுக்கோங்க."

மீனிடம் போய் நீச்சலைக் குறை என்கிற மாதிரி. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போயிற்று. வீட்டுக்கு ஆக்சிஜன் மிஷின் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலமாரி உயரத்தில் நின்றுகொண்டு, எந்நேரமும் 'ம்ம்ம்' என்று முனகும். வீட்டில் புதிதாக ஒரு மாமியார் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் மறுபடி வரி கட்ட ஆரம்பித்தார். வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் காட்டினார்.

"அடிச்ச பெயிண்ட்டு அத்தனையும்
அடுத்தவன் வண்டியில போச்சு,
ஒட்டிக்கிட்ட மிச்சம் மட்டும்
உள்ள வந்து மூச்சு ஆச்சு."

நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பாட ஆரம்பித்துவிடுவாரே என்று பயந்து, "இந்தச் சட்டையில பட்டன் இல்லை, கவனிச்சீங்களா" என்றேன். ஆனால் மகள் கதவருகில் நின்று கேட்டுவிட்டாள். அவள் மூலமாகத்தான் கத்திரி வந்தான்.

கத்திரி என்பவன் அவள் கடைக்கும் ஒலிப்பதிவு செய்கிறவன். கடைத் திறப்பு, தள்ளுபடி, காணவில்லை என்று ஒலிபெருக்கி வண்டிகளுக்கு அறிவிப்பு தயாரித்துப் பிழைக்கிறான். யார் எப்படி உளறினாலும் வெட்டி ஒட்டிச் சரிசெய்துவிடுவான், அதனால் அந்தப் பெயர். சின்ன வயதில் நாக்கைக் கடித்துக்கொண்ட பையன்களில் அவனும் ஒருவன். "அண்ணே, நீங்க படி ஏற வேணாம், நான் மைக்கைத் தூக்கிட்டு வந்துடறேன்" என்று எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

எங்கள் படுக்கையறையில்தான் அந்த ஆல்பம் முழுவதும் பதிவானது. கத்திரி துணி அலமாரியின் கதவுகளைத் திறந்து, உள்ளே மைக்கைத் தொங்கவிட்டான். தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம். என் துணிமணிகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து பாடினார் எரிமலை. ஒரே ஒரு தொல்லை, அந்த மிஷின். அதன் முனகல் மைக்கில் விழும். அதனால் பாடும் நேரத்தில் அதை அணைத்தாக வேண்டும். சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நான் நிற்பேன். கத்திரி விரலைத் தூக்கினால் அணைப்பேன். அவர் முகத்திலிருந்து குழாயை எடுத்துவிட்டு இரண்டு வரி பாடுவார், சில நாள் ஒரு வரி. கத்திரி கையை இறக்குவதற்குள் நான் மிஷினைப் போட்டுவிடுவேன். உதட்டில் நிறம் திரும்பும் வரை காத்திருப்போம். பிறகு அடுத்த வரி.

அப்படிச் சேர்த்த வரிகளைக் கத்திரி வெட்டி, நடுவில் இருந்த மூச்சையெல்லாம் எடுத்துவிட்டு ஒட்டினான். கேட்டால் பழைய தந்திதான். நிறுத்தமே இல்லை.

"அந்த மூச்சையும் இருக்க விடேன், தம்பி" என்றேன் நான். "அதுதானே நிஜம்."

"வேணாம்" என்றார் அவர், குழாய்க்குப் பின்னாலிருந்து. "கேட்டா பாவம்பாங்க. பாவம்னு சொல்லிக் கேக்கற பாட்டு எனக்கு எதுக்கு? அதுக்கு நான் தெருவுல தட்டை வெச்சுக்கிட்டு உக்காரலாம்."

ஆல்பத்துக்கு 'இன்னும் இருக்கேன்' என்று பெயர் வைத்தார்கள். கத்திரி அதை இணையத்தில் ஏற்றினான். சில வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு பெண் ஒரு பத்திரிகையில் பெரிய கட்டுரை எழுதினாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஆட்டோவில் கேட்டேன், லிஃப்ட்டில் கேட்டேன். ரத்தம் எடுக்க வந்த பையனின் இயர்போனிலிருந்து என் வீட்டுக்காரர் கசிந்துகொண்டிருந்தார். பட்டறை முதலாளி வாசலில் நின்று, "எங்க ஆளு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். விசிறியை அப்போதும் சரி செய்யவில்லை.

எழுதியவர்கள் எல்லோருமே புகழ்ந்தார்கள். ஆனால் படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. அவர் பாட்டில் பெயிண்ட் என்று சொன்னால் பெயிண்ட்தான். நுரையீரல் என்றால் நுரையீரல். இவர்களோ, பெயிண்ட் என்பது சமூகம் நம் மேல் பூசும் பொய்யின் குறியீடு என்றார்கள். கெட்டுப்போன நுரையீரல் என்பது நகரத்தின் படிமம் என்றார்கள். டாக்டரம்மா தழும்பு என்று சொன்னதைப் படிமம் என்று மாற்றிவிட்டால் மருந்து வேண்டியதில்லை போலிருக்கிறது.

கடைசியாக அந்தப் பழைய விமர்சகர் எழுதினார். தலை நரைத்த பிறகும் அவர் எழுதினால் எழுதியதுதான். "அன்று இவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று எழுதினேன். இன்று எல்லாம் இருக்கிறது. மூச்சு விடாமல் சொல்லும் அந்த வேகமும் குறையவில்லை." மகள் அதை வாசித்துக் காட்டினாள். அவர் மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை போனை அவரே வாங்கி, குழாயைச் சரிசெய்துகொண்டு, வாய்க்குள் படித்தார். கண்ணீர் குழாயில் இறங்கி வழிந்தது. எனக்கும் அன்றைக்குச் சந்தோஷம்தான். அதை ஏன் மறைக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு விட்டிருக்கலாம். ஏற்பாட்டாளர் ஒருவர் வந்தார். மேடை நிகழ்ச்சி என்றார். பெரிய அரங்கம், மாலை நேரம், அந்த விமர்சகரே முன்வரிசையில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றார். நான் முடியாது என்றேன். மகள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒரே ஒரு தரம்மா. அப்பா மேடையில நிக்கறதை நான் பார்த்ததே இல்லை."

"அவர் நின்னாத்தானே நீ பார்ப்பே. மாடிப்படியிலயே நிக்க முடியாதவர்."

கத்திரி நடுவில் புகுந்து வழி சொன்னான். ஆல்பத்தை ஓடவிடுவோம், அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து வாயசைத்தால் போதும், சுற்றிலும் பையன்கள் ஆடுவார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில், "ஒரு பாட்டு மட்டும் சொந்த வாயால" என்றார். "அந்த ஆள் எதிர்ல உக்காந்திருக்கான். அவன் முன்னாடி வாயசைச்சிட்டு வந்தா, அன்னைக்கு அவன் எழுதினதே சரின்னு ஆயிடும்."

நான் வேலையிலிருந்து நேராக அரங்கத்துக்குப் போனேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லை. கையில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரையும் மாஸ்க்கையும் வைத்துக்கொண்டு மேடையின் ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்றேன். வாயசைத்த பாட்டுகள் நன்றாகவே போயின. பிறகு அவர் எழுந்து நின்றார். பெயிண்ட் பாட்டு. முதல் நான்கு வரி பழைய வேகத்தில் பாய்ந்தது. கூட்டம் கூவியது. ஐந்தாவது வரியில் நின்றது.

மூச்சு இழுக்கும் சத்தம் வந்தது. அது எங்கள் படுக்கையறைச் சத்தம். எனக்கு மட்டும் தெரிந்த சத்தம். அதை ஆளுயர ஸ்பீக்கர்களில் ஊரே கேட்டது. பிறகு யாரோ அந்த இழுப்புக்குத் தகுந்தபடி கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். டிரம்ஸ் வாசிக்கிற பையன், இதுதான் திட்டம் போல என்று அதே தாளத்தில் தட்டினான். அரங்கம் முழுக்க அவர் மூச்சுக்குத் தாளம் போட்டது. அவருக்கு உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. விளக்குப் போடுகிறவர் பொருத்தமாக இருக்கட்டும் என்று நீல விளக்கைப் போட்டார். அதற்குப் பிறகு உதடு எது, விளக்கு எது என்று யாருக்குத் தெரியப்போகிறது. நான் ஓடிப்போய் மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்தேன். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். மகள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "வேணாம்பா, பார்த்தது போதும்பா" என்றாள். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த அந்த விமர்சகரின் விமர்சனம் வந்தது. "மூச்சுத் திணறலை இவ்வளவு துல்லியமாக எந்தக் கலைஞனும் மேடையில் நிகழ்த்தியதில்லை. இறுதியில் வெள்ளை உடையில் நுழையும் பெண் மரணமா, கருணையா என்று சொல்லாமல் விட்டது தந்தியின் முதிர்ச்சி." அந்தப் பெண் மரணமும் இல்லை, கருணையும் இல்லை. பகல் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்திவிட்டு, சாப்பிடாமல் வந்து நின்றவள். எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன், போன் மகளுடையது.

ஏற்பாட்டாளர் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, இன்னொரு ஷோ கேக்கறாங்க. நீங்க அதே கோட்ல, அதே இடத்துல வந்துடுங்க."

"இன்னொரு தடவை அந்த மாதிரி பாடினா நான் பொறுப்பில்லை" என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் நிகழ்ச்சி நின்றுவிடும் என்று நான் நம்பினேன். அதனால், நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அந்த விமர்சகர் பேட்டிக்காக வீட்டுக்கு வருகிறார் என்றதும், அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறை, விசிறி, தழும்பு, வரி வரியாகப் பதிவு செய்தது, மிஷினை அணைத்தது. ஸ்கேன் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

"சார், அது நடிப்பு இல்ல. என் வீட்டுக்காரர் செத்துக்கிட்டிருந்தாரு. நீங்க கை தட்டினீங்க."

அவர் டீயைக் கீழே வைத்தார். நல்ல மனிதர்தான், ஒரு நிமிடம் முகம் வெளுத்துப்போனது. கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உண்மையா?" என்று கேட்டார்.

அவர் குழாயை மூக்கிலிருந்து எடுத்தார். எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"அவ நல்லா நடிப்பா, சார்."

அவ்வளவுதான். விமர்சகர் பெருமூச்சு விட்டார், அவருக்கு மூச்சு இருந்தது, விட்டார். பிறகு அவரும் சிரித்தார். "ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன், அம்மா. அந்தப் படத்தை மேடையில பெரிய திரையில காட்டினா எப்படி இருக்கும்?" என்றார். தந்தியின் குடும்பமே அந்தக் கலைப்படைப்பின் தொடர்ச்சி என்றும், எங்கே நாடகம் முடிகிறது எங்கே வாழ்க்கை தொடங்குகிறது என்று தெரியவில்லை என்றும் பிறகு எழுதினார். எனக்குத் தெரியும். என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

விமர்சகர் வெளியே போனதும் நான் ஸ்கேன் படத்தைக் கட்டிலில் வீசினேன்.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா? அந்த ஆளு நம்பினாரு. நின்னிருக்கும். எல்லாம் நின்னிருக்கும்."

"தெரியும்" என்றார். பேசப் பேச இடைவெளி விட்டுத்தான் பேச முடிந்தது. "நோயாளின்னு தெரிஞ்சா... பாட்டையும் திருப்பி எடுத்துக்குவாங்க. ஐயோ பாவம், எவ்வளவு கஷ்டத்துல பாடியிருக்கான்னு... கேப்பாங்க. இப்ப பாட்டைக் கேக்கறாங்க."

"நோயாளின்னா இருப்பீங்க. கலைஞன்னா போயிடுவீங்க. எனக்கு எது வேணும்னு கேட்டீங்களா?"

"ஏறின தழும்பு திரும்பாதுன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. எப்படியும் போகப்போறேன். எந்தப் பேர்ல போறதுங்கறதுதான் பாக்கி." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்கிட்ட கேக்கலை. கேட்டா நீ விடமாட்டே."

நான் அழுதேன். திட்டினேன். சில நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். வீட்டில் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. மூச்சுக்குக் காசைப் போல் கணக்குப் பார்க்கிற மனிதர், அந்த மௌனத்தை உடைக்க அதைச் செலவழித்து எனக்கு ஜோக் சொன்னார். கட்டிப்போடவா முடியும். கடைசியில் என் நிபந்தனையைச் சொன்னேன். முதல் இழுப்புக் கேட்டதும் உள்ளே வந்துவிடுவேன், அதற்குமேல் ஒரு நொடிகூடப் பொறுக்க மாட்டேன்.

"நான் கையைத் தூக்கினதும் வா" என்றார்.

"உங்க கைக்கெல்லாம் என்னால காத்திருக்க முடியாது."

இரண்டாவது நிகழ்ச்சிக்குக் கூட்டம் இன்னும் அதிகம். நின்றுகொண்டே பார்க்க அனுமதித்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு இல்லாமல் வீட்டு உடையில்தான் போனேன், அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்த கலகம். பின்னால் பெரிய திரையில் அவருடைய ஸ்கேன் படம் சுவர் அளவுக்கு நின்றது. தழும்பு இருக்கும் இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக. அதன் முன்னால் அவர் சின்னதாகத் தெரிந்தார். கத்திரி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டு என்னையே பார்த்தான்.

பெயிண்ட் பாட்டில் இரண்டு வரிதான் போனது. இழுப்பு கேட்டது. நான் சொன்னபடி உடனே உள்ளே போனேன். அவர் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார். நான் நிற்கவில்லை. மாஸ்க்கை முகத்தில் வைத்தேன். இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு, அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, அடுத்த வரியைச் சொன்னார். பாடவில்லை, சொன்னார். ஒரு மூச்சுக்கு ஒரு சொல். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. நான் மறுபடி வைத்தேன், அவர் மறுபடி ஒதுக்கினார். அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. டிரம்ஸ் பையனும் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"கதவை... சாத்துனவன்... கையில... சாவி... இருக்கட்டும்" என்றார். "ஜன்னல்... வழியா... வந்தவனுக்கு..."

அத்தோடு என் தோளில் நெற்றியைச் சாய்த்தார். மிச்ச வரியைக் கூட்டம் ஒரே குரலில் சொல்லி முடித்தது. அவர் உடம்பின் பாரம் முழுவதும் என் மேல் வந்தது. தாங்க முடியாமல் அப்படியே தரையில் படுக்க வைத்தேன். மணிக்கட்டைப் பிடித்தேன். எத்தனையோ பேர் கையில், இல்லாத நரம்பைக்கூடத் தேடிக் கண்டுபிடித்த விரல்கள் இவை. ஒன்றும் இல்லை. கழுத்தில் பார்த்தேன், அங்கும் இல்லை.

முழங்காலிட்டு, இரண்டு கையையும் அவர் மார்பில் வைத்து அழுத்த ஆரம்பித்தேன். அழுத்த அழுத்த, கூட்டம் அந்தத் தாளத்துக்குக் கை தட்டியது. நான் வேகத்தைக் கூட்டினால் அவர்களும் கூட்டினார்கள். நீல விளக்கு வந்தது. கத்திரி பெட்டியை விட்டு ஓடி வந்தான், மகள் வரிசைகளுக்கு நடுவில் "அப்பா" என்று கத்திக்கொண்டு வந்தாள். அவளுக்கும் கை தட்டினார்கள்.

கத்திரி என்னை விலக்கிவிட்டு அவன் அழுத்தினான். நான் கீழே கிடந்த மைக்கை எடுத்தேன்.

"டாக்டர் யாராவது இருந்தா வாங்க" என்றேன். "இது நடிப்பு இல்ல."

கை தட்டினார்கள். முன்வரிசையில் அந்த விமர்சகர் எழுந்து நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. கத்திரி நிமிர்ந்து என்னைப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தான்.

"அவர் போயிட்டாரு" என்றேன் மைக்கில். "என் வீட்டுக்காரர் போயிட்டாரு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

கைதட்டல் இரண்டு மடங்கானது. யாரும் போகவில்லை. அவர் எழுந்து வணக்கம் சொல்வார் என்று காத்திருந்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ, "ஒன்ஸ் மோர்" என்று குரல் கொடுத்தார்கள்.